லாரிக்கு உடம்பு உண்டா?

"எங்க ஊர்ல லாரிக்கு பாடி கட்டுறாங்க!"

நாமக்கல் பக்கத்து மாணவர் யாராவது இப்படிச் சொன்னால், வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் விழிப்பார்கள். பாட்டுப் 'பாடி'யா? இல்லை, உடம்பு என்று அர்த்தம் தரும் ஆங்கிலப் 'பாடி'யா? இரண்டாவதுதான் சரி. ஆனால், லாரிக்கு ஏது உடம்பு? வாருங்கள், பார்ப்போம்!

எலும்புக்கூடு வரும், லாரியாகப் போகும்

தொழிற்சாலையிலிருந்து பல லாரிகள் முழுதாக வெளியே வருவதில்லை. நீளமான இரும்புச் சட்டம், அதில் இன்ஜின், சக்கரங்கள். இதற்கு 'சேஸிஸ்' என்று பெயர். பார்ப்பதற்கு லாரியின் எலும்புக்கூடு போலவே இருக்கும்! இந்தச் சேஸிஸ்கள் நாமக்கல் பட்டறைகளுக்கு வந்து சேரும். வெல்டர், தச்சர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் என்று பலரும் சேர்ந்து, சரக்கு ஏற்றும் பகுதியைக் கட்டி, வண்ணம் தீட்டி அனுப்புவார்கள். இதுதான் 'பாடி கட்டுவது'. 'கூண்டு கட்டுவது' என்றும் சொல்வார்கள்.

முன்பெல்லாம் டிரைவர் உட்காரும் கேபின்கூட இல்லாமல் சேஸிஸ்கள் வரும். வெயிலிலும் காற்றிலும் திறந்த இருக்கையில் உட்கார்ந்து நெடுந்தூரம் ஓட்டி வருவார்கள். இப்போது பல லாரிகள் கேபினோடுதான் வருகின்றன. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களை 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கும்போது, கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் விதி வெளியிட்டது. லாரியின் பாடி, டிரைவரின் உடம்பையும் காக்க வேண்டும் அல்லவா?

தமிழிலும் அப்படித்தான்!

உடம்புக்குத் தமிழில் 'யாக்கை' என்ற பழைய சொல் உண்டு. 'யாத்தல்' என்றால் கட்டுதல். எலும்பு, தசை, நரம்பு, தோல் எல்லாம் சேர்த்துக் கட்டப்பட்டதால் அது யாக்கை! செய்யுளைக் கட்டும் முறையை 'யாப்பு' என்கிறோமே, அதுவும் இதன் உறவுச் சொல்தான்.

'கூடு' என்றாலும் உடம்புதான். விக்கிரமாதித்தன் கதையில் 'கூடுவிட்டுக் கூடு பாய்தல்' படித்திருப்பீர்களே! அந்தக் கூட்டின் உறவுக்காரர்தான் கூண்டு. ஆக, பட்டறையில் 'கூண்டு கட்டுறோம்' என்று சொல்வது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

தண்ணீருக்கும் நிலாவுக்கும்

ஆங்கிலத்தில் இந்தச் சொல் இன்னும் எங்கெல்லாம் போகிறது தெரியுமா?

'வாட்டர் பாடி' என்றால் நீர்நிலை. ஏரி, குளம், அணை எல்லாம் இதில் அடங்கும். சேலம் மாவட்டத்தில் 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கமும் ஒரு வாட்டர் பாடிதான்.

'ஹெவன்லி பாடி' என்றால் வான்பொருள். சூரியன், நிலா, கோள்கள் எல்லாம் இதில் சேரும். நிலாவுக்கும் நாமக்கல்லுக்கும் ஓர் உறவு உண்டு! சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் 'அனார்த்தோசைட்' என்ற பாறை, நிலாவின் மேட்டுநிலப் பாறையைப் போன்றது. சந்திரயான் லேண்டர்களைச் சோதித்துப் பார்க்க, இந்தப் பகுதி மண்ணை இஸ்ரோ பயன்படுத்தியது. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலாவில் பத்திரமாக இறங்கியது.

'லோக்கல் பாடி' என்றால் உள்ளாட்சி அமைப்பு. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாம் அதில் அடங்கும். நாமக்கல் நகராட்சி 2024-ல் மாநகராட்சியானது.

கடிதத்தில் வணக்கத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே, செய்தி சொல்லும் பகுதிக்கும் 'பாடி' என்றே பெயர். கண்ணில் தூசி விழுந்தால், டாக்டர் அதை 'ஃபாரின் பாடி' என்பார். வெளிநாட்டுக்காரர் யாரோ கண்ணுக்குள் புகுந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்! வெளியிலிருந்து வந்த பொருள், அவ்வளவுதான்.

வாட்டர் பாடியை 'தண்ணீர் உடம்பு' என்றும், லோக்கல் பாடியை 'உள்ளூர் உடம்பு' என்றும் மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? வகுப்பே சிரிக்கும்! அகராதியில் முதலில் இருக்கும் பொருளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன சொல் நிற்கிறது என்று பார்த்தால், சரியான பொருள் தானே தெரிந்துவிடும்.

ஒரு முக்கியமான விஷயம்

'சம்பாடி', 'எவ்ரிபாடி' என்னும்போது, அதே சொல் உயிருள்ள மனிதரைக் குறிக்கிறது. ஆனால், தனியாக 'பாடி வந்துடுச்சா?' என்று கேட்டால், அது இறந்தவரைக் குறிக்கும். பெரியவர்கள்கூடச் சில சமயம் யோசிக்காமல் இப்படிக் கேட்டுவிடுவார்கள். நேற்றுவரை தாத்தா, மாமா, அக்கா என்று அழைத்த ஒருவரை, இன்று 'அது' என்று சொன்னால் அந்த வீட்டாருக்கு எப்படி வலிக்கும்? 'தாத்தாவைக் கொண்டு வந்துட்டாங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். அதே கேள்விதான்; ஆனால் அதில் மரியாதை இருக்கிறது.

லாரியின் பாடியை 'அது' என்று சொல்லலாம், தப்பில்லை. மனிதர் எப்போதும் 'அவர்'தான், குட்டீஸ்!