உப்புக் காற்றில் ஓடும் பழைய டீசல் லாரி... எஞ்சின் ஆயுளைக் கூட்டும் சின்னச் சின்ன வேலைகள்!

தாமிரபரணி கடலில் கலக்கும் ஊர் புன்னைக்காயல். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இன்னொரு பக்கம் பழையகாயல், ஆறுமுகநேரி என்று நீளும் உப்பளங்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குப் படகு எப்படியோ, இந்தக் கரையில் உப்பும் மீனும் ஐஸும் ஏற்றிப் பிழைப்பவர்களுக்கு லாரி அப்படி. அதிலும் கடன் அடைந்துபோன பழைய லாரி என்றால், அதுதான் அந்தக் குடும்பத்தின் சொத்து.

அந்த லாரியின் எஞ்சின் ஒருநாள் படுத்துவிட்டால்? லைனர், பிஸ்டன், பேரிங் என்று எஞ்சினைப் பிரித்து வேலை செய்யும் செலவு ஒரு பக்கம். வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களில் வாடகை வராது என்பது இன்னொரு பக்கம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வட்டியும் அதுவரை காத்திருக்காது.

'பழசாகிவிட்டது, இனி அவ்வளவுதான்' என்று கைவிடப்படும் பல எஞ்சின்கள் உண்மையில் வயதால் சாவதில்லை. கெட்ட தண்ணீர், தூசி, அழுக்கு ஆயில் ஆகிய மூன்றும்தான் அவற்றைக் கொல்கின்றன. மூன்றையும் குறைந்த செலவில் தடுக்கலாம்.

46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் கார்

கிரீஸ் நாட்டு டாக்ஸி டிரைவர் கிரிகோரியோஸ் சாக்கினிடிஸ். அவர் ஓட்டிய 1976-ம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 240டி டீசல் கார் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. பூமியைச் சுமார் 115 முறை சுற்றிவரும் தூரம் அது. 2004-ல் அந்தக் கார் பென்ஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அவர் ஒரே எஞ்சினைத் திறக்காமலே ஓட்டிவிடவில்லை என்பதுதான். கைவசம் வேறு எஞ்சின்களும் வைத்திருந்து, ஒன்று வேலைக்குப் போகும்போது இன்னொன்றை மாட்டி ஓட்டினார். நீண்ட ஆயுள் என்பது ரிப்பேரே வராமல் இருப்பதல்ல, கெட்டுப்போவதற்கு முன்பே கவனிப்பது.

படகுக்குத் தெரிந்தது லாரிக்குத் தெரியவில்லை!

லாரியில் வரும் வகையைச் சேர்ந்த டீசல் எஞ்சின்களை, படகுக்கு ஏற்ப மாற்றி அசோக் லேலண்ட் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. இப்படி முறையாக மாற்றப்பட்ட எஞ்சினுக்குள் கடல் தண்ணீர் போகாது. உள்ளே நல்ல தண்ணீரும் கூலன்ட்டும் தனியாகச் சுற்றிவரும். கடல் தண்ணீர் வேறொரு குழாய் வழியாக வந்து அந்தச் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறும். கடலில் மிதக்கும் எஞ்சினையே உப்புத் தண்ணீர் தொடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆனால், கரையில் ஓடும் லாரியின் ரேடியேட்டரில் வழியில் கிடைக்கும் போர் தண்ணீரை ஊற்றிவிடுகிறோம். கடலோர நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அது உலோகத்தை அரிக்கும். கடின நீர் என்றால் எஞ்சினின் தண்ணீர்ப் பாதைகளில் சுண்ணாம்பு படியும். படிந்த இடத்தில் சூடு வெளியேறாமல் தேங்கும்.

லாரி எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் லைனரின் வெளிப்பக்கம் நேரடியாகத் தண்ணீரைத் தொட்டபடி இருக்கும். பிஸ்டன் அடிக்கும் வேகத்தில் லைனர் அதிரும்போது, அதன் மேல் நுண்ணிய குமிழ்கள் தோன்றி வெடிக்கும். நாளடைவில் ஊசியால் குத்தியதுபோல் லைனரில் துளை விழும். தண்ணீர் ஆயிலில் கலந்தால் பேரிங் போய்விடும். கூலன்ட்டில் உள்ள ரசாயனம் லைனர் மேல் பாதுகாப்புப் படலம் போட்டு இதைத் தடுக்கிறது. எனவே, எஞ்சினுக்குரிய கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டருடன் சரியான அளவில் கலந்து ஊற்றுவதும், சொன்ன காலத்தில் மாற்றுவதும் முதல் வேலை.

வண்டி சூடானால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது பல இடங்களில் வழக்கம். இது தவறு. சுமார் 80 டிகிரி வரை எஞ்சினைச் சீக்கிரம் சூடேற்றுவதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லாமல் ஓடும் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது. டீசல் முழுதாக எரியாமல் ஆயிலில் இறங்கும், லைனர் தேய்மானம் கூடும். சூடாவதற்கான உண்மையான காரணம் அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், பழுதான மூடி என்று வேறு எங்காவது இருக்கும்.

ரேடியேட்டர் மூடியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அது 0.5 பார் அழுத்தத்தைத் தாங்கினால், 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் சுமார் 110 டிகிரியில்தான் கொதிக்கும். எஞ்சின் கொதித்துவிட்டால் உடனே மூடியைத் திறக்கவோ, பச்சைத் தண்ணீரை ஊற்றவோ கூடாது. கை வெந்துவிடும், ஹெட்டும் விரிசல் விடும்.

மணிக்கு 3 லட்சம் லிட்டர் காற்று

பழைய டாடா லாரிகளில் பரவலாக இருந்த 697 வகை எஞ்சின் 5,675 சி.சி. கொள்ளளவு கொண்டது. டர்போ இல்லாத அந்த எஞ்சின் 2,000 ஆர்.பி.எம்-மில் சுற்றினால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 லிட்டர் காற்றை இழுக்கும். மணிக்கு 3 லட்சம் லிட்டர்! உப்பளத்து மண் பாதையில் அந்தக் காற்றோடு எவ்வளவு தூசி வரும் என்று யோசித்துப் பாருங்கள். மண் துகள் உள்ளே போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் ரிங்கையும் லைனரையும் தின்றுவிடும்.

ஏர் ஃபில்டரை டயரில் தட்டிச் சுத்தம் செய்வதும், கம்ப்ரசர் காற்றை வேகமாக அடிப்பதும் அதன் காகிதத்தைக் கிழித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத கிழிசலே போதும். ஃபில்டர் புதிதாக இருந்தும், அதற்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலோ, கிளிப் தளர்ந்திருந்தாலோ பலனில்லை. தூசி குறுக்கு வழியில் புகுந்துவிடும். மாதம் ஒருமுறை அந்த ஹோஸைக் கையால் தடவிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

ஆயில் கறுத்தால் பயம் வேண்டாம், வெளுத்தால் கவனம்!

டீசல் எஞ்சினில் ஆயில் சீக்கிரமே கறுப்பது இயல்பு. கரியைத் தன்னோடு சுமந்து வைத்திருப்பதுதான் அதன் வேலை. பயப்பட வேண்டியது வேறு இரண்டுக்கு. பால் கலந்ததுபோல் ஆயில் வெளுத்தால் தண்ணீர் இறங்குகிறது. ஊற்றாமலே ஆயில் அளவு கூடினால் டீசலோ தண்ணீரோ கலக்கிறது. இரண்டிலுமே வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லது.

எஞ்சின் கையேட்டில் சொன்ன தரத்துக்குக் குறையாத ஆயில் வேண்டும். ஆயிலை மாற்றும்போதெல்லாம் ஆயில் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால், எஞ்சின் ஆயிலின்றி நின்றுவிடாமல் இருக்க ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே உள்ளே அனுப்பிவிடும். வண்டி ஓடும், ஆனால் உள்ளே பேரிங் தேயும். குறைந்த தூரம், அதிகத் தூசி, அடிக்கடி நின்று கிளம்புதல் என்று ஓடும் உப்பு லாரிகளுக்கு, நெடுஞ்சாலை வண்டிகளைவிடச் சீக்கிரமே ஆயில் மாற்றத் தேவைப்படும்.

டீசலில் தண்ணீர்

2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கிடைப்பது பி.எஸ்-6 டீசல். அதில் கந்தகம் 10 பி.பி.எம்-தான். பி.எஸ்-3 காலத்தில் இது 350 ஆக இருந்தது. கந்தகம் குறைந்தால் பழைய பம்ப் சீக்கிரம் தேயும் என்ற பயம் டிரைவர்களிடம் உண்டு. வழுவழுப்புக்கும் தனி அளவுகோல் இருப்பதால், பங்க்கில் விற்கும் தரமான டீசலுக்கு அந்தப் பயம் தேவையில்லை. கந்தகம் குறைந்ததால் எஞ்சினுக்குள் அமிலம் உருவாவதும் குறைந்திருக்கிறது.

பம்புக்கும் நாசிலுக்கும் உண்மையான எதிரி தண்ணீர்தான். கடற்கரை ஈரக் காற்று, பாதி காலியான டேங்கில் இரவில் நீராகப் படியும். மாலையில் டேங்கை நிரப்பி நிறுத்துவதும், காலையில் ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவதும் ஐந்து நிமிட வேலை. ஒழுகும் நாசில், லைனரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். சில நேரம் பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும். கரும்புகை தொடர்ந்து வந்தால் முதலில் ஏர் ஃபில்டரையும், பிறகு நாசிலையும் பார்க்க வேண்டும்.

டிரைவர் காலில் இருக்கிறது ஆயுள்

ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தக் கூடாது. மேலே இருக்கும் பாகங்களுக்கு ஆயில் ஏறச் சில நொடிகள் ஆகும். டர்போ உள்ள வண்டியை நிறுத்தும்போது இரண்டு, மூன்று நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைக்க வேண்டும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்குப் போகக்கூடிய டர்போ, சூடாக இருக்கும்போதே ஆயில் நின்றுவிட்டால் அங்கே ஆயில் கருகிப்போகும். அளவுக்கு மீறிய லோடும், உயர் கியரில் திணறவிட்டு ஏற்றுவதும் கிராங்க், பேரிங் ஆயுளைக் குறைக்கும்.

மழைக்காலத்தில் உப்பு வேலை நின்று, வண்டியும் நிற்கும். அப்போது தினமும் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் நன்மையைவிடக் கெடுதலே அதிகம். எஞ்சின் சூடாகாமல் உள்ளே ஈரம் சேரும். ஓட்டுவதாக இருந்தால் நன்றாகச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும். டாப்பெட் இடைவெளி பார்ப்பது, ரேடியேட்டரைச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளுக்கும் இதுவே நல்ல நேரம்.

எஞ்சின் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. கடலோரத்தில் எஞ்சினுக்கு முன்பே சேஸிஸ் போய்விடுவதுண்டு. மீன் லாரியில் ஐஸ் உருகி வழியும் உப்பு நீர், சேஸிஸ், டீசல் டேங்க், ஆயில் சம்ப் என்று எல்லாவற்றையும் அரிக்கும். லோடு இறக்கியதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பேட்டரி எர்த் வயரில் துரு ஏறினால் செல்ஃப் எடுக்காது. அதைச் சுரண்டிக் கிரீஸ் தடவினாலே பல தொல்லைகள் தீரும்.

எட்டு வருடம் தாண்டிய வணிக வாகனத்துக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் பழைய எஞ்சின், பி.எஸ்-6 எஞ்சின் அளவுக்குச் சுத்தமாகப் புகை விடாது. எனவே, சேஸிஸ் அரித்து, புகைச் சோதனையிலும் தேறாத வண்டிக்கு எஞ்சின் வேலை செய்து பணம் கொட்டுவதில் அர்த்தமில்லை. சேஸிஸ் உறுதியாக இருந்தால் மட்டும் செலவு செய்யலாம்.

எப்போது எஞ்சினைத் திறப்பது என்பதையும் எஞ்சினே சொல்லும். நீலப்புகை, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று வரும் ஆவி, சூடானதும் குறையும் ஆயில் பிரஷர் ஆகியவை அறிகுறிகள். அந்த நேரத்தில் திறந்தால் லைனர், ரிங், பேரிங்கோடு வேலை முடிந்துவிடலாம். 'இன்னும் ரெண்டு லோடு' என்று தள்ளிப்போட்டால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்து போகும்.

இதற்கெல்லாம் டேஷ்போர்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த கிலோமீட்டரில் ஆயில் மாற்றினோம், நடுவில் எத்தனை லிட்டர் சேர்த்து ஊற்றினோம், கூலன்ட் எவ்வளவு குறைந்தது என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். ஒரு லிட்டர் ஊற்றிய இடத்தில் மூன்று லிட்டர் ஊற்ற வேண்டிவந்தால், எஞ்சின் நடுரோட்டில் நிற்பதற்குப் பல மாதங்கள் முன்பே அந்த நோட்டு சொல்லிவிடும்.