வகுப்பறையில் விகடச் சித்திரம்

உயர்தரப் பள்ளியின் பாடபுஸ்தகத்தில் விகடச் சித்திரத்துக்கு இடமுண்டா? படம் சிறுவர்க்கு, எழுத்து பெரியோர்க்கு என்று எண்ணிப் பழகியோர் இல்லை என்றே கூறுவர். நாம் அங்ஙனம் கருதவில்லை. 1906-ல் தொடங்கிய 'இந்தியா' பத்திரிகையில் பாரதியார் விகடச் சித்திரங்களை வெளியிட்டபோது அவை பெரியோர்க்கே அரசியல் போதித்தன. பத்தி பத்தியாக எழுதியும் புலப்படாததைச் சித்திரம் ஒரு கணத்தில் புலப்படுத்தும். அக்காரணத்தாலேயே அது மனத்தைப் புண்படுத்தவும் வல்லது.

தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு 2006-ல் வெளியிட்ட பதினோராம் வகுப்பு அரசியல் பாடபுஸ்தகத்தில், சங்கர் 1949-ல் வரைந்த சித்திரமொன்று இடம்பெற்றது. அரசியல் சாஸனம் என்னும் நத்தையின்மேல் டாக்டர் அம்பேத்கர் சவுக்குடன் அமர்ந்திருக்கிறார்; பின்னால் பண்டித நேரு சவுக்கை ஓங்குகிறார்; ஜனங்கள் வேடிக்கை பார்க்கின்றனர். சாஸனம் இயற்ற இத்தனை காலம் பிடித்தது ஏன் என்று புஸ்தகம் மாணாக்கரை வினவியது.

2012 மே 11-ந் தேதி இச்சித்திரம் குறித்துப் பார்லிமெண்டில் பெருங்கொந்தளிப்பு எழுந்தது. அதை நீக்குவதாக அரசாங்கம் அறிவித்தது. புஸ்தகத்தின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் ராஜினாமாச் செய்தனர். 1965-ஆம் வருஷத்து ஹிந்தி எதிர்ப்பு மாணவர்களைப் பரிகசித்த லக்ஷ்மணின் சித்திரத்துக்குத் தமிழ்நாட்டில் கண்டனம் பிறந்தது. ஆராய அமைத்த கமிட்டி பல சித்திரங்களை நீக்கச் சிபாரிசு செய்ய, அதன் அங்கத்தினரான எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஒருவரே மாறுபட்ட அபிப்பிராயத்தைப் பதிவு செய்தார்.

புண்பட்டோரின் வேதனை பொய்யன்று. தலைமுறை தலைமுறையாக அடிபட்ட சமூகத்துச் சிறுவனுக்குச் சவுக்கு வெறும் வேடிக்கையாகத் தோன்றாது. எனினும் சித்திரத்தைக் கிழித்தெறிவது பரிகாரமாகுமா? ஆகாது என்பதே நம் துணிபு. தாமதக் குற்றச்சாட்டுக்கு டாக்டர் அம்பேத்கரே 1949 நவம்பர் 25-ந் தேதி சபையில் விடையிறுத்தார். வந்த திருத்தங்கள் 7,635. அவற்றுள் சபையில் பிரேரேபிக்கப்பட்டவை 2,473. அமெரிக்க சாஸனத்தின் ஷரத்துக்கள் ஏழே, நம்முடையவை 395 என்று கணக்குடன் எடுத்துக் காட்டினார். சித்திரத்தையும் அப்பிரசங்கத்தையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணாக்கன், சித்திரக்காரர் நியாயம் செய்தாரா என்று தானே தீர்ப்புக் கூறுவான். 1965-ஆம் வருஷத்துச் சித்திரத்தையும் அவ்வண்ணமே, ஹிந்தியை ஏகபோக ஆட்சிமொழியாக்குவதை மாணவர் எதிர்த்த காரணங்களோடு சேர்த்துப் போதிக்கலாம்.

வரைந்தவர் யார், எப்போது வரைந்தார், எவரைக் கண்டு நகைக்கிறார், அந்நகைப்பு தகுமா என்ற நான்கு வினாக்களை உபாத்தியாயர் எழுப்பாவிடில் சித்திரம் வெறும் கேலியாய் நின்றுவிடும். எழுப்பினால், புகழ்பெற்ற சித்திரக்காரரும் பிழைபடக் கூடும் என்பதை மாணாக்கன் அறிவான். அச்சிட்டது யாவும் வேதமென்று நம்பாத பிரஜையே ஜனநாயகத்துக்கு வேண்டியவன். ஆகவே சித்திரம் இருக்கட்டும்; அதற்குரிய சரித்திரமும் உடனிருக்கட்டும். அதைக் கற்பிக்க உபாத்தியாயருக்குப் பயிற்சி அளிப்பது அதிகாரிகளின் கடமை.