கொடுக்கும் நரம்பும்

திருமறையின் 16ஆம் அத்தியாயம் ‘அந்நஹ்ல்’, அதாவது தேனீ, எனப் பெயர் பெற்றுள்ளது. தேனின் நோய் தீர்க்கும் சிறப்பை அது எடுத்துரைக்கிறது. அமுதனைய தேனைத் தரும் அவ்வுயிரே கொடுக்கில் நஞ்சையும் தாங்கியுள்ளது.

தேனீ, குளவி, கதண்டு ஆகியவை கொட்டினால் வலியும் வீக்கமும் தோன்றிச் சில நாளில் அடங்குவதே பெரும்பான்மை. ஒவ்வாமை மிகுந்து உயிருக்கு இடர் நேர்வதும் உண்டு. மிக அரிதாக மூளையும் நரம்பும் தாக்குறுகின்றன. பலரும் அறியாத இந்நிலையையே நாம் இங்கு விளக்க முற்படுகிறோம்.

தேனீ நஞ்சின் உலர்எடையில் ஏறத்தாழப் பாதி, செல்களின் சவ்வைச் சிதைக்கும் மெலிட்டின். 18 அமினோ அமிலங்களால் ஆன அபாமின் என்னும் நரம்பு நஞ்சும் அதில் உண்டு. எனினும் ஓரிரு கொட்டுகளில் உட்புகும் நஞ்சு மிகச் சிறிதே. ஆகவே, உடலின் எதிர்வினையே நரம்புக் கேடுகளுக்குப் பெரிதும் காரணம் எனக் கருதப்படுகிறது.

அவ்வெதிர்வினை இருவகைப்படும். முதலாவது, விரைந்து நிகழ்வது. இரத்த அழுத்தம் வீழ்தல், குழாய்கள் சுருங்குதல், குருதி உறைதல் ஆகியவற்றால் மூளைக்குச் செல்லும் குருதி தடைப்பட்டுப் பக்கவாதம் உண்டாகிறது. இரண்டாவது, சில நாள்களோ வாரங்களோ கழித்துத் தோன்றுவது. நோய் எதிர்ப்பாற்றல் வழிதவறி, நரம்பின் மேலுறையையே பகையெனக் கருதித் தாக்குகிறது. கால்களில் தொடங்கி மேலேறும் தளர்ச்சியாகிய கில்லன்-பாரே நோய், பார்வை நரம்பின் அழற்சி, மூளை அழற்சி ஆகியன இவ்வகையின.

தேனீயின் கொடுக்கு தோலில் தங்கினால் உடனே அகற்றுதல் வேண்டும். அகற்றும் முறையைவிட விரைவே முதன்மையானது என 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. மூச்சுத் திணறலோ மயக்கமோ தோன்றின், சுண்ணாம்பு தடவிக் காத்திருத்தல் கூடாது. அட்ரினலின் ஊசியே உயிர்காப்பது. முகம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறல் காணின் நொடியும் தாழ்த்தலாகாது. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து, பொதுவாக அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தத் தக்கது.

வீக்கம் வற்றிய பின்னர்க் கால் தளர்ந்தாலோ கண் மங்கினாலோ, முன்னர்ப் பூச்சி கொட்டியதை மருத்துவரிடம் மறவாது கூறுதல் வேண்டும். அச்சிறு செய்தியே நோயின் காரணத்தை அறியத் துணைபுரியும். அழற்சியைத் தணிக்கும் மருத்துவம் காலத்தே தொடங்கவும் வழிவகுக்கும்.

நோயுற்றால் மருத்துவம் நாடுக என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். அதனைக் காலந்தாழ்த்தாது நாடுதலே அறிவுடைமை என்போம்.