லைனை அறுப்பது யார்?

1990களில் டயல்-அப் இணைப்பு வைத்திருந்தவர்களில் பலர், ஒரு டெர்மினல் புரோகிராமில் எண்ணை டயல் செய்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்த பிறகு, அதை மூடிவிட்டு இணையத்துக்கான பி.பி.பி. புரோகிராமைத் திறக்க வேண்டியிருந்தது. மூடிய கணமே மோடத்துக்குள் ரிலே 'டிக்' என்று விடுபடும்; லைன் போய்விடும். மோடத்தின் மேலோ தொலைபேசித் துறையின் மேலோ பழி போடுவது சுலபம். ஆனால் அழைப்பைப் பிடித்து வைத்திருப்பதே மோடம்தான். கணினியிலிருந்து ஒரு பைட்கூட வராவிட்டாலும் மறுமுனை மோடத்தோடு அதன் கேரியர் ஒலி ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் அதைத் துண்டிக்கச் சொல்வது யார்?

ஆர்.எஸ்-232 சீரியல் கேபிளில் டி.டி.ஆர். என்றொரு தனிக் கம்பி உண்டு. 25 பின் இணைப்பியில் அது 20ஆவது பின், 9 பின் இணைப்பியில் 4ஆவது. அதில் நேர் மின்னழுத்தம் இருந்தால் கணினி தயார். எதிர் மின்னழுத்தமானால் கணினிப் பக்கம் ஆளில்லை. புரோகிராம் போர்ட்டை விடும்போது வழக்கமாக இந்த அழுத்தம் மாறுகிறது. ஹேய்ஸ் கட்டளைகளை ஏற்கும் பெரும்பாலான மோடம்கள் அதைக் கண்டதும் அழைப்பை முடித்துவிடும். மூன்று கூட்டல் குறிகளை அனுப்பி மோடத்தைக் கட்டளை நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு மூடினால் தப்பலாமே என்பார்கள். தப்பாது. அந்தக் குறிகள் தரவோடு தரவாகப் போகின்றன, டி.டி.ஆர். வேறு கம்பி. ஏடி&டி0 என்று கட்டளையிட்டால்தான் மோடம் அந்தக் கம்பியைச் சட்டை செய்யாது. யுனிக்ஸ், லினக்ஸில் இன்னொரு வழியும் இருக்கிறது: போர்ட்டைக் கடைசியாக மூடும்போது லைனைத் துண்டிக்கும் அமைப்பை எஸ்டிடிஒய் கட்டளையால் அணைத்துவிடலாம். இரண்டாவது புரோகிராம் போர்ட்டைத் திறந்தபின் முதலாவதை மூடினாலும் போதும், அது கடைசி மூடல் ஆகாது. மினிகாம் என்ற டெர்மினல் புரோகிராமில் மோடத்தை ரீசெட் செய்யாமல் வெளியேறவே தனி விசை வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு வசதியானால் ஏடி&டி0-வையே நிரந்தரமாக வைத்துவிடலாமே? கூடாது. துண்டிப்பதை இயல்பாக வைத்தவர்கள் முட்டாள்கள் அல்லர். புரோகிராம் நடுவில் செத்துப்போனால் அழைப்பைத் தானாக முடிக்க வழக்கமாக அந்தக் கம்பியை விட்டால் வேறு நாதியில்லை. மறுமுனை கைவிடும்வரை மீட்டர் ஓடும், வீட்டுத் தொலைபேசியும் மாட்டிக்கொள்ளும். ஆகவே கைமாற்றும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் காவலைத் தளர்த்துங்கள். புதிய புரோகிராம் போர்ட்டைப் பிடித்ததும் துண்டிக்கும் அமைப்பை மறுபடி இயக்கிவிடுங்கள். மோடத்திலேயே ஏடி&டி0 கொடுத்திருந்தால், அழைப்பு முடிந்த கையோடு ஏடி&டி2 கொடுக்க மறக்காதீர்கள்.