தாமதத்தின் வட்டியை யார் கட்டுவது?

2047-ஆம் ஆண்டுக்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின் திறனை எட்டுவது என்ற இலக்கை 2025-26 நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்தபோது நம்மிடம் இருந்த அணுமின் திறன் ஒன்பதாயிரம் மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. நாட்டின் மின் உற்பத்தியில் அதன் பங்கு சுமார் 3 சதவீதம்தான். அதே காலகட்டத்தில் சூரிய மின் திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்துவிட்டது. அப்படியிருக்க, அணுமின் நிலையங்களுக்குப் பெரும் பணத்தைக் கொட்ட வேண்டுமா என்ற கேள்வி எழுவது இயல்பே.

இந்த விவாதம் பெரும்பாலும் இரண்டு முழக்கங்களில் முடிந்துபோகிறது. ஒரு தரப்பு ஃபுகுஷிமாவைச் சுட்டிக்காட்டும். மறுதரப்பு, 'இரவில் சூரியன் உதிக்குமா?' என்று கேட்கும். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால், பொருளாதாரம் பயின்றவன், பல்லாண்டுகள் பயிற்றுவித்தவன் என்ற முறையில், இரு தரப்பாரும் அதிகம் பேசாத ஒரு கணக்கை முன்வைக்க விரும்புகிறேன்.

கூடங்குளத்தில் 3, 4-ஆவது உலைகளுக்கு அனுமதிக்கப்பட்ட மதிப்பீடு 39,849 கோடி ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,000 மெகாவாட் என்பதால், ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 20 கோடி. சூரிய மின் நிலையத்துக்கோ மெகாவாட்டுக்கு 4 முதல் 5 கோடி போதும். இதைக் கேட்டவுடன் சூரிய மின்சாரம் நான்கில் ஒரு பங்கு செலவில் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அணு உலை ஆண்டின் பெரும்பகுதி நேரமும் இயங்கும். அதன் திறனில் 80 சதவீதம் பயன்படும். சூரியத் தகடுகளில் பயன்படுவது 20 சதவீதம் அளவுக்குத்தான். ஒரு மெகாவாட் அணு உலை தரும் மின்சாரத்தைப் பெற நான்கு மெகாவாட் சூரியத் தகடுகள் வேண்டும். ஆக, முதலீட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே தட்டில்தான் நிற்கின்றன.

அப்படியானால் வேறுபாடு எங்கே? முதலாவது, நேரத்தில். சூரிய மின்சாரம் நண்பகலில் குவிகிறது. நாம் விளக்கையும் விசிறியையும் போடும் மாலையில் மறைந்துவிடுகிறது. ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை சுழன்று தள்ளும். மார்கழியில் அவற்றின் உற்பத்தி சில நூறு மெகாவாட்டுக்குச் சரிந்துவிடும் நாள்களும் உண்டு. எனவே, யூனிட்டின் விலை என்ன என்பதோடு, வேண்டிய நேரத்தில் அந்த யூனிட்டின் விலை என்ன என்றும் கேட்டாக வேண்டும்.

இங்கேதான் மின்கலங்கள் கணக்கை மாற்றியுள்ளன. ஒரு மெகாவாட் மின்சாரத்தை இரண்டு மணி நேரம் தரும் மின்கலத்துக்கான மாத வாடகை, 2022-இல் நடந்த ஏலத்தில் ஏறத்தாழ 10.8 லட்சம் ரூபாய். 2025-இல் அரசு மானியத்துடன் நடந்த ஏலங்களில் அது 3 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அதை இரண்டரை லட்சம் என்று கொள்வோம். நாளுக்கு ஒருமுறை நிரப்பிப் பயன்படுத்தினால் மாதத்துக்கு 60,000 யூனிட் கிடைக்கும். சேமிப்புச் செலவு யூனிட்டுக்குச் சுமார் 4 ரூபாய். அதனுடன் சூரிய மின்சாரத்தின் விலையான இரண்டரை ரூபாயைச் சேர்த்தால், மாலை நேர யூனிட் ஆறரை ரூபாய். பகல் யூனிட் இரண்டரை ரூபாயிலேயே நிற்கிறது. இது தோராயக் கணக்குதான். ஆயினும் 2022-இன் வாடகையில் சேமிப்புச் செலவு மட்டுமே 18 ரூபாய் ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், மாற்றத்தின் வேகம் புரியும்.

அணுமின்சாரத்தின் கணக்கு என்ன? மெகாவாட்டுக்கு 20 கோடி முதலீட்டுக்கு 10 சதவீத வட்டி என்றால், வட்டி மட்டுமே யூனிட்டுக்குச் சுமார் 2.85 ரூபாய். எரிபொருள், பராமரிப்பு, தேய்மானம், பயன்படுத்திய எரிபொருளைப் பாதுகாத்தல் ஆகியவை தனி. 1969-இல் தொடங்கிய தாராப்பூர் நிலையத்தின் மின்சாரம் மலிவு என்பார்கள். அதன் முதலீடு எப்போதோ மீட்கப்பட்டுவிட்டது. புதிய உலைக்கு அது சான்றாகாது.

இரண்டாவது வேறுபாடு, காலம். பத்தாயிரம் கோடி ரூபாயை ஆண்டுதோறும் சமமாகப் பிரித்து ஐந்து ஆண்டுகளில் செலவிட்டு ஓர் உலையைக் கட்டினால், 10 சதவீத வட்டியுடன் அது முடியும்போது சுமை 12,200 கோடி. அதே தொகை, அதே உலை. பணி பத்து ஆண்டுகள் இழுத்தால் சுமை ஏறத்தாழ 16,000 கோடி. ஒரு மூட்டை சிமென்ட்கூடக் கூடுதலாக வாங்காமலேயே விலை ஏறிவிடுகிறது. கூடங்குளம் முதல் உலையின் பணி 2002-இல் தொடங்கியது. வணிக உற்பத்திக்கு வந்தது 2014-இன் கடைசி நாளில். பிரான்ஸின் ஃபிளமான்வில் உலை 2007-இல் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டும். மின்தொகுப்பில் இணைந்ததோ 2024 டிசம்பரில்.

தாமதம் அணு உலையின் தலைவிதி என்று சொல்லிவிடவும் முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்காவில், ஒரே வடிவமைப்பில் நான்கு உலைகள் அடுத்தடுத்துக் கட்டப்பட்டு, 2012-இல் தொடங்கிய பணி 2024-இல் முழுமை பெற்றது. அந்த நாட்டின் மின்தேவையில் கால் பங்கை அவை தருகின்றன. மறுபுறம், நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் நீண்ட காலமாக இழுபட்டு வந்திருக்கிறது. தாமதம் இரு பக்கமும் உண்டு. ஆனால், அதன் விலையைச் செலுத்துபவர் வேறு.

சூரிய மின் ஏலத்தில் வென்ற நிறுவனம் ஒரு விலையை எழுதிக் கொடுக்கிறது. தன் தவறால் தாமதமானால் அபராதம் அதற்கே. அணுமின் கட்டணமோ, ஆன செலவின் அடிப்படையில் பின்னர் நிர்ணயிக்கப்படுகிறது. கட்டுமானக் கால வட்டியும் அதில் ஏறிவிடுகிறது. அதாவது, தாமதத்தின் வட்டியை மின் கட்டண ரசீதின் வழியே நாம்தான் கட்டுகிறோம். இந்த ஏற்பாடு நீடிக்கும்வரை எவருக்கும் அவசரம் இருக்காது.

அணு உலைகளே வேண்டாம் என்பது என் வாதமன்று. நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கும் மேல் இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. உண்மையான எதிராளி அதுதான். ஜெர்மனி தன் கடைசி மூன்று அணு உலைகளை 2023 ஏப்ரலில் மூடியபோது, அதன் நிலக்கரி நிலையங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. அந்த வரிசை நமக்கு வேண்டாம். இரண்டு மணி நேர மின்கலம் மாலையைக் கடத்திவிடும். மேகமூட்டமும் காற்றின்மையும் சேர்ந்துவரும் ஒரு மழைக்கால வாரத்தைக் கடத்தாது. அத்தகைய நாள்களுக்கு அணுமின்சாரத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

எனவே, கூடங்குளத்தில் நடந்துவரும் பணிகள் முடிக்கப்படட்டும். அடுத்து ஒதுக்கப்படும் பணத்தில் முதலிடம் மின்கலங்களுக்கும், நீரேற்றுத் திட்டங்களுக்கும், மின்வழித்தடங்களுக்கும் போகட்டும். புதிய உலை எதுவானாலும், பணி தொடங்கும் முன்பே யூனிட் விலையின் உச்சவரம்பு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டு, பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். அந்த வரம்பை ஏற்று எழுதிக் கொடுக்க முன்வரும் உலையைக் கட்டலாம். முன்வராத உலைக்கு, அதன் தாமதத்தை முன்கூட்டியே மக்கள் தலையில் எழுதிவைக்க நாம் ஏன் இசைய வேண்டும்?