விடியற்காலையில் மடங்காத விரல்கள்

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் என் போன்றோர் முதலில் எண்ணிப் பார்ப்பது ரொக்க இருப்பு. அடுத்தது நூல் இருப்பு. அதன்பின் வீடு வீடாகச் சென்று தறிகளைப் பார்வையிடுதல். நான் கொண்டு செல்லும் படிவத்தில் தறிகளுக்கு இரண்டே பத்திகள் உண்டு: இயங்கும் தறி, இயங்காத தறி. மூன்றாவதாக ஒரு பத்தி இல்லையே என்று நான் வருந்த நேர்ந்த வரலாற்றை அங்கத்தினர்களிடம் ஒளிக்காமல் சொல்லுவது என் கடமை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சேலம் சமவெளியிலுள்ள ஒரு சிற்றூரில் தறிகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன். மார்கழி மாதம், காலை ஏழரை மணி. ஒரு வீட்டில் பாவு பூட்டிய தறி ஓசையின்றி நின்றது. அங்கத்தினர் இருபத்தாறு வயதுப் பெண். இரண்டு மாதமாக அவளுடைய உற்பத்தி பாதிக்கும் கீழே போய்விட்டது என்று கணக்கு சொல்லிற்று. "வயசுப் பொண்ணுங்க சார், நோய் நொடி ஒண்ணும் கிடையாது. சோம்பல்தான்" என்றார் உடன் வந்த காரியதரிசி. "சோம்பல் இல்லைங்க சார். விடியக்காலையில கை மடங்க மாட்டேங்குது. பத்து மணிக்கு மேல சரியாப் போயிடுதுங்க" என்றாள் அந்தப் பெண். இந்த விடையைக் கேட்டு எங்களோடு வந்த ஒருவர் சிரித்தார். நான், "இயங்காத தறி, பாவைத் திரும்பப் பெறலாம்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

புறப்படும் முன் காப்பி கொண்டுவந்து தந்தாள். டம்ளரின் விளிம்பை விரல்களால் பற்றாமல், இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே ஏந்தி வந்தாள். நானும் அதை இரு உள்ளங்கைகளால் வாங்கிக்கொண்டேன். ஏழு ஆண்டுகளாக நான் டம்ளரைப் பிடிப்பது அப்படித்தான். அவளுக்கு வந்திருப்பது எது என்பது அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் திறவாமல் அடுத்த வீட்டுக்கு நடந்தேன். என் வியாதியை அலுவலகத்தில் எவரும் அறியாதபடி மறைத்து வந்தேன். அவளுக்காகப் பேசினால் என்னுடையதும் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சமே காரணம்.

எனக்கு அது வந்தபோது வயது இருபத்தைந்து. பட்டம் பெற்று, வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. இராசிபுரம் சாலையில் ஒரு நாள் காலை மோட்டார் சைக்கிளின் கிளட்சை அழுத்த முடியவில்லை. பிறகு சட்டைப் பொத்தான், பிறகு பேனா. இரண்டு கைகளிலும் ஒரே விரல்களின் அடிமூட்டுக்கள் வீங்கின. காலையில் எழுந்ததும் பாதம் தரையில் படும்போது கூழாங்கல்லின் மேல் நிற்பது போலிருந்தது. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆகவே அலுவலகத்தில் என்னைப் பார்த்தவர்கள் நலமாகவே பார்த்தார்கள். "இந்த வயசில் மூட்டு வலியா?" என்று கேட்காத உறவினர் இல்லை.

மூட்டு நோய் என்றால் முதுமையில் தேய்மானத்தால் வருவது என்றே நம்மவர்கள் எண்ணுகிறார்கள். தேய்மானம் வேறு, இது வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி, மூட்டின் உள்ளுறையைப் பகையென்று கருதித் தாக்குகிறது. உறை அழன்று வீங்கி, அருகிலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. இதற்கு முடக்குவாதம் என்று பெயர். சித்த வைத்திய நூல்கள் உதிரவாத சுரோணிதம் என்று கூறுவதும் ஏறக்குறைய இதனையே. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. குடும்ப பாரம் முழுவதும் தோளில் ஏறும் வயதிலேயே பலருக்கும் தொடங்குகிறது. தில்லிக்கு அருகிலுள்ள கிராமங்களில் செய்யப்பட்டு 1993இல் வெளிவந்த ஆய்வொன்று, வயது வந்தோரில் நூற்றுக்கு முக்கால் பேர் என்று கணக்கிட்டது. ஆயிரம் அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்துக்கு ஏழெட்டுப் பேர் ஆகிறது. எந்தச் சங்கத்துக் காரியதரிசியும் தம் பதிவேட்டில் அந்த ஏழெட்டுப் பேரைத் தேடிப் பார்க்கலாம்.

மற்றொரு வகை இளைஞர்களின் முதுகெலும்பைப் பற்றுகிறது. தறிக்குழியில் கால் வைத்து நாள் முழுவதும் குனிந்திருப்பவருக்கு இடுப்பு வலிப்பது புதுமையன்று. அந்த வலி படுத்தால் குறையும். இந்த நோயின் வலியோ படுத்தால் ஏறும், பின்னிரவில் எழுப்பிவிடும், எழுந்து நாலு அடி நடந்தால் தணியும். நாற்பது வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் இவ்வாறு நீடித்தால் தறியின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடலாகாது. கவனியாது விட்டால் சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, கழுத்தைத் திருப்பவும் இயலாமற் போகும்.

2006இல் சிக்குன்குனியாக் காய்ச்சல் தமிழ்நாட்டைப் பிடித்து ஆட்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். அக்காய்ச்சலுக்குப் பின்னும் பலருக்கு மூட்டு வலி மாதக்கணக்கில் நீடித்தது. இவற்றையெல்லாம் வேறுபடுத்தி அறிவது வைத்தியர் வேலை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றே: காலையில் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மூட்டுக்கள் இறுகிக் கிடந்து, வீக்கமும் காணப்பட்டு, அது ஆறு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் காத்திருத்தல் கூடாது. எலும்பின் அரிப்பு பலருக்கும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே நேர்ந்துவிடுகிறது. அரித்த எலும்பை எந்த மருந்தும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

நான் பதினான்கு மாதம் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பதைவிட அலைந்தேன் என்பதே பொருந்தும். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினேன். கொல்லிமலைக்கு ஏறி முடவாட்டுக்கால் கிழங்குச் சாறு குடித்தேன். மிளகும் சீரகமும் சேர்த்துச் சுடச்சுடக் குடிக்க மிக இதமாகவே இருந்தது, விரல் வீக்கம் மட்டும் இருந்தபடியே இருந்தது. முடக்கத்தான் தோசை எங்கள் வீட்டில் இன்றும் உண்டு. இவற்றின் மேல் எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் பெயர் எழுதாத ஒரு பொட்டலச் சூரணத்தின் மேல்தான். அதைத் தின்ற நான்காம் நாள் நான் மாடிப்படியை ஓடி ஏறினேன். நான்காம் மாதம் முகம் பூசணிக்காய் போல் உப்பியது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று பின்னர் டாக்டர் சொன்னார். அம்மருந்து வைத்தியர் கையில் அளவோடு இருந்தால் நன்மை செய்வது; பெயர் மறைத்துப் பொட்டலத்தில் வந்தால் வலியை மூடிவிட்டு எலும்பை மெலிவிக்கும். நெடுநாள் தின்றவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அப்படித் தின்றுகொண்டிருப்பவர் எவராயினும் வெட்கப்படாமல் டாக்டரிடம் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். என் இடக்கையின் நடுவிரல் இப்போது முழுவதும் நிமிர்வதில்லை. அந்தப் பதினான்கு மாதத்துக்கு நான் கட்டிய வட்டி அது.

எனக்குக் கொடுக்கப்பட்ட மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். அதன் பூர்வோத்தரம் நெசவாளர்கள் அறிந்து மகிழத்தக்கது. 1895இல் ஆந்திர நாட்டுப் பீமாவரத்தில் பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அவர் அறுவைக் கூடத்துக்கும் கதராடை அணிந்து சென்றார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. தேர்வை நன்றாக எழுதியும் முழுப் பட்டம் கிடைக்காமல், அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. இராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிக் கதர் நூற்கச் செய்த காலத்தில், சுப்பாராவ் அமெரிக்காவில் ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். பிற்காலத்தில் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்தே ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் முறையும், அதனை எதிர்த்து நிற்கும் மருந்துகளும் வெளிவந்தன. 1948இல் அவர் காலமானார். இரத்தப் புற்றுக்கெனத் தோன்றிய அவ்வகை மருந்து மூட்டு நோய்க்கும் உதவுவதை 1951இல் அமெரிக்க வைத்தியர்கள் கண்டார்கள். எனினும் 1980களில்தான் முறையான ஆய்வுகள் நடந்து, 1988இல் அந்நாட்டு அரசு முடக்குவாதத்துக்கு அதனை அங்கீகரித்தது. இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதலில் எடுக்கப்படும் மருந்து பெரும்பாலும் இதுவே, விலையும் அதிகமில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை. இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் உண்ண வேண்டியது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. அவ்வாறு தவறி உண்டு மாண்டவர்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் வீட்டில் மருந்தெடுத்துக் கொடுப்பதாயின் கிழமையை அட்டையின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். நான் செவ்வாய்க் கிழமையைத் தேர்ந்துகொண்டேன். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையைக் கடக்கும்போதெல்லாம் மாத்திரை நினைவு வந்துவிடுகிறது. டாக்டர் சொன்ன வேறு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையும் உண்டு. குறித்த காலத்தில் இரத்தமும் ஈரலும் சோதிக்கப்பட வேண்டும். மது கூடாது. புகை பிடிப்பது இந்நோயை வளர்க்கும் என்பதும் ஐயமற நிறுவப்பட்டது. கருவுற்ற பெண்களும், கருவுற எண்ணும் பெண்களும் இம்மருந்தை உண்ணலாகாது; முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். மருந்து வேலை செய்யத் தொடங்க ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். பலரும் நான்காவது வாரமே பயனில்லை என்று கைவிடுகிறார்கள்.

அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். ஒன்பது நாள் கழித்து மனம் பொறுக்காமல் மீண்டும் அவ்வூருக்குச் சென்றேன். பாவு அதற்குள் வேறு வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. அவள் அண்டை வீட்டுக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நெசவுக் கூலியில் பாதி கூடத் தேறாத வேலை. திண்ணையில் உட்கார்ந்து, காரியதரிசி, மாமியார், கணவன் ஆகியோர் முன்னிலையில் என் விரல்களை நீட்டிக் காட்டினேன். "இது எனக்கும் இருக்கிறது, நான் எழுதியது தவறு" என்றேன். மாமியார் நெடுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இவ நடிக்கலைங்களா?" என்று அவர் கேட்டது இன்னும் என் செவியில் இருக்கிறது. அந்த வாரமே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கணவன் அழைத்துச் சென்றான். நோய் தொடங்கி ஐந்தாம் மாதத்தில் மருந்து தொடங்கிற்று. அவளுக்குப் பாவு திரும்பக் கிடைக்க மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இழப்பு என் கையெழுத்தால் நேர்ந்தது.

இப்போது அவள் தறியில் அமர்வது காலை பத்து மணிக்கு. எழுந்ததும் வெந்நீரில் கைகளை ஊறவைத்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டிவிட்டு வீட்டு வேலையைத் தொடங்குகிறாள். நாடாவை இழுக்கும் பிடியின் மேல் பழந்துணியைச் சுற்றிப் பருமனாக்கிக்கொண்டாள். மெல்லிய பிடியை இறுகப் பற்றுவதைவிடப் பருத்த பிடியைப் பற்றுவது மூட்டுக்கு எளிது. அறுந்த இழைகளை முடியும் வேலையைக் கணவன் செய்கிறான். மாத உற்பத்தி பழைய அளவை எட்டவில்லை, ஆனால் நிற்கவில்லை. அவள் விரல்கள் அனைத்தும் நேராகவே இருக்கின்றன.

நாமக்கல் பக்கத்து விவசாய அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். விடியற்காலையில் பால் கறக்க இயலாத மருமகளும், மரவள்ளித் தோல் சீவக் கத்தி பிடிக்க முடியாத இளம் பெண்ணும் அங்கும் இருப்பார்கள். மாலைக் கறவையை அவளுக்கும் காலைக் கறவையை வேறொருவருக்கும் மாற்றிக்கொள்ள எந்தச் சட்டமும் தேவையில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிட்டது. முடக்குவாதம் அதில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. மூட்டுக்கள் நிரந்தரமாகக் கோணி, இயக்கக் குறைபாடு நூற்றுக்கு நாற்பது என அளவிடப்பட்டால்தான் சலுகைகளுக்குரிய தகுதி வரும். மருந்தால் விரல்களைக் காப்பாற்றிக்கொண்டு, காலை நான்கு மணி நேரத்தை மட்டும் நாள்தோறும் இழப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அது வரையில் நிர்வாகக் குழுக்களால் ஒன்று செய்ய இயலும்: தறி ஏன் நிற்கிறது என்று கேட்டு, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அதன் பிறகே பாவைப் பற்றி முடிவு செய்யலாம். நான் அன்று முதல் என் படிவத்தின் ஓரத்தில் கையால் ஒரு பத்தி கோடிட்டு, "காரணம்" என்று தலைப்பிட்டு வருகிறேன். மேலதிகாரி ஒருவர் இது என்னவென்று கேட்டார், சொன்னேன். நோயையும் சேர்த்தே சொன்னேன்.

சென்ற மாதம் அவ்வூருக்குப் போயிருந்தபோது, குழந்தை பெற விரும்புவதாக அந்தப் பெண் தயக்கத்தோடு தெரிவித்தாள். மருந்தை மாற்றுவது குறித்துக் கேட்க வரும் வியாழக்கிழமை சேலம் செல்கிறாள். அன்று அவளுக்கு வர வேண்டிய பாவைக் காரியதரிசி சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.