மணலுக்குப் பதில் கல்: வடசென்னையின் ஞாயிற்றுக்கிழமை

பொழுது இன்னும் விடியவில்லை. ராயபுரம் உறங்குகிறது. ஆனால், பக்கத்தில் உள்ள காசிமேட்டில் சந்தை இரைச்சல்!

ஞாயிற்றுக்கிழமை என்றால், சென்னையின் எல்லாப் பகுதிகளில் இருந்தும் மக்கள் காசிமேடு மீன்பிடி துறைமுகத்துக்கு வருகிறார்கள். விசைப்படகுகளில் இருந்து கூடை கூடையாக மீன் இறங்குகிறது. வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி, இறால், நண்டு, கடம்பா... ஏலம் கூவும் பெண்களின் குரலில் அலையோசை கூட அமுங்கிப் போகிறது.

பேரம் பேசத் தெரியாதவர்கள் இங்கே கொஞ்சம் ஏமாறுவார்கள். மீன் பார்க்கத் தெரியாதவர்கள் அதிகமாக ஏமாறுவார்கள்! செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ரத்தச் சிவப்பாக இருந்தால் அது புது மீன். கண் பளபளக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை உடனே மேலே வரவேண்டும். பள்ளம் அப்படியே நின்றால், அடுத்த கூடைக்குப் போய்விடலாம். வாங்கிய மீனை வெட்டிச் சுத்தம் செய்து தரவும் இங்கே ஆட்கள் உண்டு. வீட்டில் உள்ள பெண்களுக்கு அதுவே பாதி விடுமுறை!

ஏப்ரல் 15-ந் தேதி முதல் ஜூன் 14-ந் தேதி வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவது இல்லை. மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் அரசாங்கம் தடை விதித்து இருக்கிறது. அந்த நாட்களில் சிறு படகுகள் கொண்டுவரும் மீன்தான். விலையைக் கேட்டுவிட்டு, கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களும் உண்டு.

உண்ட மயக்கம்

பகல் சாப்பாடு முடிந்ததும் தெருக்கள் அடங்கி விடுகின்றன. 6 நாட்கள் இரும்போடும் ரப்பரோடும் போராடிய உடம்பு, பாயைத் தேடுகிறது.

இளைஞர்கள் மட்டும் தூங்குவது இல்லை. கேரம் பலகையைச் சுற்றி நாலு பேர் ஆடுவார்கள். நாற்பது பேர் யோசனை சொல்வார்கள்! இதை வீண்பொழுது என்று சொல்லிவிட முடியாது. 2024-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் 3 தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டுபவரின் மகள்.

விடுமுறை வந்த கதை

இந்த ஒரு நாள் ஓய்வு, தொழிலாளிக்குச் சும்மா கிடைத்தது அல்ல.

பம்பாய் பஞ்சாலைகளில் ஒரு காலத்தில் வார விடுமுறையே கிடையாது. நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் தொழிலாளிகளைத் திரட்டினார். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று 1884-ம் ஆண்டிலேயே கேட்டார். முதலாளிகள் மசியவில்லை. 1890-ம் ஆண்டு ஏப்ரலில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் கூட்டம் போட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 10-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று ஆலை முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அது சட்டத்திலும் ஏறியது.

பிறகு 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கினால், முன்னே பின்னே 3 நாட்களுக்குள் வேறு ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்றது.

மணல் எங்கே போனது?

வெயில் தாழ்ந்ததும் குடும்பங்கள் கிளம்புகின்றன. திருவொற்றியூரில் வடிவுடையம்மனைக் கும்பிட்டு, தியாகராஜரைத் தரிசித்து, கடற்கரைப் பக்கம் உள்ள பட்டினத்தார் சமாதிக்கும் போகிறார்கள். பெருஞ்செல்வத்தை உதறிவிட்டு வந்தவர் அங்கே அடங்கி இருக்கிறார்.

அப்புறம் கடல் காற்று. ஆனால், குழந்தைகள் வீடு கட்டி விளையாட மணல் வேண்டாமா? கரையின் பெரும் பகுதியில் கருங்கல் குவியல்தான் இருக்கிறது!

1875-ம் ஆண்டு டிசம்பரில் சென்னைத் துறைமுகத்துக்கு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் சுவர்கள் எழும்பின. நம் கடலில் ஆண்டின் பெரும் பகுதி, மணல் தெற்கே இருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து, மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து குறைந்து, கடல் கரையைத் தின்றது. வீடுகளைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு தெரியும்?

இப்போது மெட்ரோ ரெயில் இருக்கிறது. 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் அது விம்கோ நகர் வரை நீண்டது. வசதி உள்ளவர்கள் அதில் ஏறி, மணலைத் தேடி மெரினா பக்கம் போகிறார்கள். மற்றவர்களுக்குக் கல்லே ஆசனம். துண்டை விரித்துப் பாட்டியை உட்கார வைக்கிறார்கள். "ஓரமாப் போகாதே!" என்று பிள்ளைகளை அதட்டியபடி சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள்.

எண்ணூரின் கதை இன்னும் கொடுமை. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அந்த இடத்துக்கு, ஒரு காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஓய்வெடுக்க வந்தார்கள். 2023-ம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, அதே முகத்துவாரம் கருத்துப் போனது. படகும் வலையும் பாழாயின. பல நாட்கள் மீனவர்களுக்குத் தொழில் இல்லை. வேலை இல்லாமல் வீட்டில் கிடந்த அந்த நாட்களை யார் விடுமுறை என்பார்கள்?

இருட்டியதும் குடும்பங்கள் வீடு திரும்புகின்றன. அப்பாவின் தோளில் குழந்தை தூங்கிவிட்டது. இரவு ஷிப்டுக்குப் போகிறவர் மட்டும், சாப்பாட்டுத் தூக்கோடு எதிர்ப்பக்கம் விரைகிறார். அவருடைய ஞாயிற்றுக்கிழமை, இந்த வாரம் புதன்கிழமைதான் வருகிறது.